கையெழுத்துப் போட்டால் இறையாண்மை குறைந்துவிடுமா?

கரும்பலகை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 11-ஆம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். சென்ற வாரம் இறையாண்மை பற்றிய பாடம். ‘தன் எல்லைக்குள் அரசுக்கு மேல் அரசு இல்லை, வெளியிலிருந்து எவரும் அதற்குக் கட்டளையிட முடியாது’ என்று பலகையில் எழுதினேன். 1648-இல் வெஸ்ட்ஃபாலியாவில் ஏற்பட்ட சமாதானத்தில் தொடங்கி ஐ.நா. சாசனத்தின் 2-ஆம் பிரிவு வரை சொல்லி முடித்தேன். இந்த வாரம் பன்னாட்டு அமைப்புகள். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, “அப்படியானால் போன வாரம் எழுதியதை அழித்துவிடலாமா, மிஸ்?” என்று கேட்டாள்.

குறும்புக்காகக் கேட்கவில்லை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். ஆபத்தான தொற்றுநோய் தலைகாட்டினால் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நான்தான் எழுதிப்போட்டிருந்தேன். குளிர்பதனப் பெட்டியில் எந்த வாயுவை அடைக்கக் கூடாது என்பதை 1987-இல் மாண்ட்ரியலில் கூடி முடிவு செய்தார்கள் என்றும் நான்தான் சொன்னேன். “எல்லாம் வெளியே முடிவாகிறது என்றால் உள்ளே மிச்சம் என்ன?” என்றாள். நாடுகள் தாமே விரும்பிக் கையெழுத்திடுகின்றன, ஆகவே குறைவில்லை என்றேன். “விரும்பாத நாடு வெளியே நின்றுகொள்ள முடியுமா?” என்றாள். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மாண்ட்ரியல் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் நாட்டோடு அந்தப் பொருள்களில் வணிகம் செய்யக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காப்பாற்றியதில் அந்த விதிக்குப் பங்கு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் அவளுக்கு நான் சொன்ன பதில் பாதிப் பதில்தான் என்பது அப்போது உறைத்தது.

இரு தரப்பு வாதங்களும் பாடநூலில் இருக்கின்றன. எனக்கு வேண்டியது இதை நேரில் பட்டறிந்தவர்களின் பதில். உலக விதி ஒன்று உங்கள் வாழ்க்கைக்குள் வந்து நின்றதுண்டா? அப்போது அரசு என்பது எங்கே இருந்தது? திங்கட்கிழமை அந்த வகுப்புக்கு மீண்டும் போகிறேன்.

---

வழக்கேடு பதில்:

ஆசிரியைக்கு வணக்கம். நான் வழக்கறிஞர், சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். உங்கள் மாணவியின் முதல் கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. 1921 மார்ச்சில் ‘விம்பிள்டன்’ என்ற ஆங்கிலேய நீராவிக் கப்பல் போலந்துக்குப் போர்த் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு கீல் கால்வாய்க்கு வந்தது. ஜெர்மனி அதைத் திருப்பி அனுப்பியது. எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் கால்வாயைத் திறந்துவிடுவதாக, முதல் உலகப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கையில் அதே ஜெர்மனி ஒப்புக்கொண்டிருந்தது. ‘எங்கள் மண்ணில் ஓடும் கால்வாய், எங்கள் நடுநிலைமை, எங்கள் இறையாண்மை’ என்பது ஜெர்மனியின் வாதம்.

1923 ஆகஸ்ட் 17 அன்று ஹேக் நகரின் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஒப்பந்தம் செய்துகொள்வது இறையாண்மையைக் கைவிடுவதாகாது; ஒப்பந்தம் செய்யும் உரிமையே இறையாண்மையின் ஓர் இயல்பு என்பது தீர்ப்பின் சாரம். நம் அன்றாட வழக்கில் சொன்னால், வயது வராத பிள்ளை போட்ட கையெழுத்து செல்லாது. வயது வந்தவரின் கையெழுத்துதான் அவரைக் கட்டும். கட்டுப்பட முடிவதே வயது வந்ததற்கு அடையாளம்.

வெளியேறும் வழியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தைவிட்டு அமெரிக்கா 2020 நவம்பரில் வெளியே போய், 2021 பிப்ரவரியில் திரும்பி வந்தது. ஆகவே பலகையில் எழுதியதை அழிக்க வேண்டாம்.

---

எந்திர அறை பதில்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் 24 ஆண்டுகளாக வணிகக் கப்பல்களில் பொறியாளர்; இப்போது தலைமைப் பொறியாளர். உங்கள் மாணவியின் கேள்விக்குள்ளேயே பல மாதம் குடியிருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கப்பலின் பின்புறத்திலும் அதன் பெயரும், பெயருக்குக் கீழே பதிவான துறைமுகத்தின் பெயரும் எழுதியிருக்கும். கப்பல் எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடும். நடுக்கடலில் அந்த நாட்டின் சட்டமே கப்பலுக்குள் செல்லும். பெருங்கடலின் நடுவே ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்திவிட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது கொடி நாடு. நான் 2019 ஆகஸ்டில் ஏறிய கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டவர், கொடி இன்னொரு நாட்டுக்குரியது, நிர்வாக நிறுவனம் மூன்றாவது நாட்டில், சரக்கை ஏற்றியவர் நான்காவது நாட்டில். நாங்கள் 21 பேர், மூன்று நாட்டுக்காரர்கள். கப்பலின் பின்புறத்தில் எழுதியிருந்த ஊரை எங்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

இது விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். உலகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் 40 விழுக்காட்டுக்கு மேல் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ் ஓடுகிறது. லைபீரியாவின் கப்பல் பதிவகத்தை நடத்தும் அலுவலகம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது. மார்ஷல் தீவுகளுக்கும் அங்கேதான். கடலே இல்லாத மங்கோலியாவுக்கும் கப்பல் கொடி உண்டு. 1921 பார்சிலோனா பிரகடனம் கடலற்ற நாடுகளுக்கும் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. 1982 கடல்சட்ட உடன்படிக்கையின் 91-ஆம் பிரிவு, கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் இடையே ‘உண்மையான பிணைப்பு’ இருக்க வேண்டும் என்கிறது. பிணைப்பு என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டுவிட்டது. இந்தப் பதிவகங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பாதுகாப்பில் நல்ல பெயர் எடுத்தவையும் இவற்றில் உண்டு. நான் காட்ட விரும்புவது வேறு. தன் சட்டம் செல்லும் இடத்தை ஓர் அரசு தானே குத்தகைக்கு விட முடியும். எந்த உலக அமைப்பும் அதைப் பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இனி, வெளியிலிருந்து வரும் விதிகள். என் எந்திர அறையில் அவை இல்லாத அங்குலம் கிடையாது. அடித்தட்டில் தேங்கும் எண்ணெய்க் கசடு கலந்த நீரைக் கடலில் விட வேண்டுமானால் அதில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது; மேலே போனால் கருவி தானே வால்வை மூடிவிடும். 2020 ஜனவரி 1 அன்று உலகம் முழுவதும் ஒரே நாளில் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.50 விழுக்காட்டிலிருந்து 0.50 விழுக்காடாக இறங்கியது. அதற்காக டிசம்பர் முழுக்க நாங்கள் தொட்டி தொட்டியாகக் கழுவினோம். லண்டனில் இருக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு எடுத்த முடிவு அது. தொட்டிக்குள் முழங்கால் அளவு கசட்டில் நின்றவன் நான். அதில் எவருடைய இறையாண்மையும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புகைபோக்கிக்குக் கீழே மூச்சுவிடுகிறவர்கள் நாங்களும் துறைமுக ஊர்க்காரர்களும்தான்.

அந்த விதிகள் எப்படிச் செல்லுபடியாகின்றன என்பதை உங்கள் வகுப்பில் அவசியம் சொல்லுங்கள். டைட்டானிக் மூழ்கியது 1912-இல். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கை 1914-இல் வந்தது. பிறகு வந்த 1960-ஆம் ஆண்டு வடிவத்தில், எந்தத் திருத்தமும் நடைமுறைக்கு வர மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ‘சரி’ என்று எழுதித் தர வேண்டும் என்று இருந்தது. 1966-இலிருந்து 1973 வரை ஆறு முறை திருத்தங்கள் நிறைவேறின. ஒன்றுகூட நடைமுறைக்கு வரவில்லை. எந்த நாடும் அவற்றை வெறுக்கவில்லை. கோப்பு மேசையிலேயே கிடந்தது. 1974 உடன்படிக்கையில் முறையைத் தலைகீழாக்கினார்கள். குறித்த நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு நாடுகளோ, உலகக் கப்பல் கொள்ளளவில் பாதியை வைத்திருக்கும் நாடுகளோ எதிர்க்காவிட்டால் திருத்தம் செல்லும். மௌனம் சம்மதம். நாங்கள் இன்று அணியும் உயிர்காப்பு உடுப்புக்குப் பின்னால் இருப்பது அந்த மௌனம்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். என் ஒப்பந்தம் 9 மாதம். 2020 மே மாதம் நான் இறங்கியிருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த மாலுமியையும் 12 மாதம் ஆவதற்குள் உரிமையாளர் செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. நாங்கள் போன துறைமுகங்களின் நாடுகள் பெரும்பாலும் அதில் கையெழுத்திட்டவை. கொடி நாடும் அப்படியே. கொரோனா வந்தது, எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். ஒரு துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கடல் மைல் தூரத்தில் 19 நாள் நங்கூரமிட்டுக் கிடந்தோம். எங்களுக்கு மாற்றாக வந்தவர்கள் கரையில் விடுதி அறைகளில் காத்திருந்தார்கள்; இரவில் அந்த விடுதியின் விளக்குகள் எங்களுக்குத் தெரியும். சரக்கு இறங்கலாம், மனிதன் இறங்கக் கூடாது என்றார்கள். கொடி நாட்டுப் பதிவகம் எங்கள் ஒப்பந்தத்தை நீட்டித்து மின்னஞ்சல் அனுப்பியது. அதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. எங்கள் சொந்த நாடுகளோ விமானம் இல்லை, காத்திருங்கள் என்றன. மூன்று அரசுகளுக்கும் அதைச் சொல்லும் உரிமை இருந்தது. மூன்றும் அந்த உரிமையைத்தான் பயன்படுத்தின.

அந்தச் சமயத்தில் எங்கள் ஃபிட்டருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துவிட்டது. முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. பல் மருத்துவரிடம் படகில் கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவருகிறோம் என்று கேப்டன் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் மறுப்பு வந்தது. ரோமில் 1935 முதல் ஒரு மருத்துவ நிலையம் இயங்குகிறது. கப்பல்களுக்கு இலவசமாக, எந்தக் கொடி என்று கேட்காமல், வானொலி வழியே மருத்துவம் சொல்வது அதன் வேலை. அங்கே அழைத்தோம். எங்கள் மருந்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எந்த ஊசி, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று ஒரு பெண் மருத்துவர் ஆறு நாள் தொடர்ந்து சொன்னார். வீக்கம் வற்றியது. அவருக்கு எங்கள் மீது எந்தக் கடமையும் இல்லை.

நாங்கள் தனியாக இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஆண்டு உச்சத்தில் 4,00,000 மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கடலில் சிக்கிக் கிடந்ததாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. மாலுமிகளை இன்றியமையாத் தொழிலாளர்களாக அறிவியுங்கள் என்று ஐ.நா. பொதுச்சபை 2020 டிசம்பர் 1 அன்று தீர்மானம் போட்டது. தீர்மானம் வந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். நான் இறங்கியது அதற்கு இரண்டு வாரம் முன்னால்.

எப்படி இறங்கினேன் என்பதுதான் உங்கள் மாணவிக்கு நான் சொல்ல வந்தது. நவம்பர் தொடக்கத்தில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றப் போனோம். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் ஓர் ஆய்வாளர் ஏறிவந்தார். எந்திர அறைக்கு வருவார் என்று கீழே எல்லாவற்றையும் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. கேப்டன் அறையில் உட்கார்ந்து 21 பேரின் பணி ஒப்பந்தங்களையும் வாங்கித் தேதிகளை ஒரு தாளில் எழுதினார். 9 பேர் 12 மாதத்தைத் தாண்டியிருந்தோம். நீட்டிப்பு மின்னஞ்சலைக் கேப்டன் காட்டினார். அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஆய்வாளர், இந்த 9 பேர் வீட்டுக்குப் போக விமான டிக்கெட் கையில் வரும்வரை கப்பல் நகராது என்றார். அதுவரை ‘முடியாது, வழியே இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்த நிறுவனத்துக்குப் பதினோரு நாளில் எல்லா வழியும் திறந்துவிட்டது.

அவர் எங்கள் நாட்டவர் இல்லை, கொடி நாட்டவரும் இல்லை. தன் துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அவருடைய அரசுக்கு உண்டு. அது மிகப் பழைய அதிகாரம். அவர் கையில் இருந்த விதி ஜெனீவாவில் எழுதப்பட்டது. விதி மட்டும் இருந்த பதினைந்து மாதமும் நாங்கள் கடலில் கிடந்தோம். அதிகாரம் மட்டும் இருந்த துறைமுகம் எங்கள் ஃபிட்டரின் பல்லுக்குக் கதவைத் திறக்கவில்லை.

---

ஒப்பந்த மொழி பதில்:

எந்திர அறை ஐயாவுக்கு வணக்கம். படித்து முடித்துக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் மறுத்துச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரசுகள் கடன் வாங்கும்போது எழுதும் ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ‘தாமே விரும்பி’ என்ற சொற்றொடரை வாரம் ஒருமுறையாவது தட்டச்சு செய்கிறேன்.

வழக்கேடு ஐயா காட்டிய விம்பிள்டன் தீர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெர்சாயில் ஜெர்மனி போட்டது தோற்ற நாட்டின் கையெழுத்து. கையெழுத்திடாவிட்டால் போர் மீண்டும் தொடங்கும் என்ற கெடுவுக்குள் போட்டது. வயது வந்தவர் என்பது சரி. கழுத்தில் கை இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை.

கிரேக்கத்தைப் பாருங்கள். 2015 ஜூலை 5 அன்று மக்களிடம் நேரடியாகக் கேட்டார்கள். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 61 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றார்கள். வங்கிகள் மூடிக் கிடந்தன. ஒருவர் நாளுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. எட்டாம் நாள், ஜூலை 13 அன்று, அதே அரசு இன்னும் கடுமையான நிபந்தனைகளுக்கு உடன்பட்டது. சட்டப்படி எல்லாம் சரி. அந்த எட்டு நாளில் அங்கே எது இறையாண்மையாக இருந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. கடன் கொடுத்தவர்களில் ஒன்றான பன்னாட்டு நாணய நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காட்டு வாக்கு வேண்டும். அமெரிக்காவின் பங்கு மட்டும் சுமார் 16.5 விழுக்காடு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், அது இல்லாமல் 85 வராது.

விதிக்கு மேலே நிற்கும் வசதியும் சிலருக்கு உண்டு. 1986 ஜூனில் பன்னாட்டு நீதிமன்றத்தில் நிகராகுவா தொடுத்த வழக்கில் அமெரிக்கா தோற்றது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்தபோது தோற்ற நாடே வீட்டோவைப் பயன்படுத்தி அதை வீழ்த்தியது.

ஐயா, உங்கள் ஆய்வாளரிடம் வருகிறேன். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் சரக்கு வராவிட்டால் கூலி இல்லை என்ற நிலையில் இருக்கும் ஏழை நாட்டுத் துறைமுகம் அந்தக் கப்பலைப் பதினோரு நாள் நிறுத்தி வைத்திருக்குமா?

ஒன்றை மட்டும் என் வாதத்துக்கு எதிராகவே சொல்லிவிடுகிறேன். துவாலு என்ற தீவு நாடு 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஓர் உடன்படிக்கை செய்தது. மற்ற நாடுகளோடு பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் செய்வதற்கு முன் ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும் என்று துவாலு ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். கடல் மட்டம் உயர்ந்து நிலம் போனாலும் துவாலு ஓர் அரசாகவே தொடரும் என்று ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. அந்த வாசகத்தை முதலில் படித்தபோது இதை விற்பனை என்று சொல்வதா, காப்பு என்று சொல்வதா என்று திகைத்தேன். இன்னும் தெரியவில்லை. கால்வைக்க மண் இருக்குமா என்ற கவலையில் இருப்பவர்களிடம் நான் போய் வகுப்பெடுக்க முடியாது.

---

வழக்கேடு பதில்:

வெர்சாய் பற்றிய அடி நியாயமானது, ஏற்கிறேன். பலவந்தத்தால் பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்று 1969 வியன்னா உடன்படிக்கை பிற்பாடு சொன்னது. ஆனால் அதில் பலவந்தம் என்பது படைபலத்தைத்தான் குறிக்கிறது. கடன் நெருக்கடி அதற்குள் வராது. நீங்கள் சுட்டும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் பதிவாகட்டும். வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் எல்லைத் தகராறு இருந்தது. 2014 ஜூலையில் தீர்ப்பாயம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. பெரிய நாடான இந்தியா ஏற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டு கழித்துத் தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் வென்றபோது சீனா அந்தத் தீர்ப்பைச் செல்லாது என்றது. இரண்டும் அதே 1982 கடல்சட்ட உடன்படிக்கையின் கீழ் வந்த தீர்ப்புகள்.

---

எந்திர அறை பதில்:

ஒப்பந்த மொழி அவர்களே, நீங்கள் கேட்டதை நானும் அந்தப் பதினோரு நாளில் கேட்டுக்கொண்டேன். உண்மைதான், அது செல்வ நாட்டுத் துறைமுகம். ஆனால் அந்த ஆய்வு முறை எப்படி வந்தது என்பதில் உங்களுக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

1967-இல் ‘டோரி கேன்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்துக்கு அருகே பாறையில் ஏறியது. லைபீரியக் கொடி, இத்தாலிய மாலுமிகள். பாறை அன்றைய பிரிட்டிஷ் கடல் எல்லைக்கு வெளியே இருந்தது. எண்ணெய் பிரிட்டனின் கரைக்கு வருகிறது. கப்பலைத் தொட அதற்கு உரிமை உண்டா என்று எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை. கடைசியில் விமானப்படையை அனுப்பிக் குண்டு போட்டு எரித்தார்கள். அந்த உரிமை 1969-இல்தான் உடன்படிக்கையாக எழுதப்பட்டது. 1978-இல் ‘அமோகோ காடிஸ்’, அதுவும் லைபீரியக் கொடி, பிரான்ஸின் பிரிட்டனி கரையில் உடைந்து 2,20,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதன் பிறகு 1982-இல் ஐரோப்பாவின் 14 கடல்சார் அதிகார அமைப்புகள் பாரிஸில் கூடி ஒரு பொது ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. கொடி நாடு பார்க்காததைத் துறைமுக நாடு பார்க்கும். ஒரே பட்டியல், ஒரே அளவுகோல், ஒருவர் கண்டதை மற்றவர் தெரிந்துகொள்ளலாம்.

அந்த 14 பேரும் ஏன் கூடினார்கள்? ஒரு துறைமுகம் மட்டும் கண்டிப்பாக இருந்தால் கப்பல் பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன ‘சரக்கு போய்விடுமோ’ என்ற பயம் செல்வ நாடுகளுக்கும் இருந்தது. பக்கத்து நாடும் அதே பட்டியலோடு நின்றால் கப்பலுக்கு வேறு போக்கிடம் இல்லை. சட்டப்புத்தகத்தில் தனக்கு இருந்தும் தனியாகப் பயன்படுத்த முடியாமல் கிடந்த அதிகாரத்தை ஒவ்வொரு நாடும் சேர்ந்து நின்றபோதுதான் பயன்படுத்த முடிந்தது. ஏழை நாடுகளுக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும். 1998-இல் இந்தியப் பெருங்கடல் நாடுகளும் இதே போன்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டன. எல்லாத் துறைமுகத்திலும் ஒரே கண்டிப்பு இருக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சில இடங்களில் ஆய்வாளர் ஏறுவதே இல்லை. ஆனால் ஏறினால் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதாவது ஒன்றாக இருக்கிறது.

பெரிய நாடுகளின் அழுத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என் தொழிலிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். கப்பல்களின் கரிம வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் லண்டனில் பெரும்பான்மை ஒப்புதல் கிடைத்தது. அக்டோபரில் இறுதியாக ஏற்பதற்குக் கூடினார்கள். ஆதரிக்கும் நாடுகள் மீது விசாக் கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் வரும் என்று அமெரிக்க அரசு முன்பே வெளிப்படையாக எச்சரித்திருந்தது. 57-க்கு 49 என்ற வாக்கில் முடிவை ஓராண்டு தள்ளி வைத்தார்கள். செய்தி வந்தபோது நான் கப்பலில் இருந்தேன். அன்று இரவுப் பணியில் இருந்த இளம் பொறியாளன், இனி எந்த எரிபொருளுக்குப் படிப்பது என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

---

கரும்பலகை பதில்:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் விம்பிள்டன் கப்பலில் தொடங்கி ஃபிட்டரின் பல்வலி வரை சொன்னேன். பாட வேளை போதவில்லை; அடுத்த வேளை ஆசிரியரிடம் கேட்டு இருபது நிமிடம் வாங்கிக்கொண்டேன். ‘தாமே விரும்பி’ என்று நான் சொன்னது பாதிப் பதில் என்பதையும், கிரேக்கத்தைக் காட்டி, வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன்.

அந்த மாணவி பழைய வாக்கியத்தை அழிக்கவில்லை. ‘வெளியிலிருந்து எவரும் அதற்குக் கட்டளையிட முடியாது’ என்பதற்குக் கீழே தன் நோட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: ‘வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டினால் அது பதில் சொல்ல வேண்டும்.’ இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டா என்று கேட்டாள். நான் திருத்தும் தாளில் உண்டு என்றேன்.

எந்திர அறை ஐயாவுக்கு அவளிடமிருந்து ஒரு கேள்வி. கப்பலைப் பிடித்து வைக்கும்போது ஆய்வாளர் என்ன எழுதிக் கொடுப்பார்? அதில் யாருடைய பெயரால் கட்டளை இருக்கும், அவருடைய நாட்டின் பெயராலா, உலக அமைப்பின் பெயராலா?

---

எந்திர அறை பதில்:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அறிக்கையின் நகல் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன்; இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் அந்த நாட்டு அரசின் சின்னமும் கடல்சார் துறையின் பெயரும் இருக்கின்றன. கீழே கட்டம் போட்ட பட்டியல். குறைபாடு என்ற இடத்தில் 9 பேரின் பணிக்காலம் கடந்துவிட்டது என்று ஒரு வரி. அதற்கு நேரே, மீறப்பட்ட விதி என்ற இடத்தில் 2006 தொழிலாளர் உடன்படிக்கையின் எண். நடவடிக்கை என்ற கடைசிக் கட்டத்தில் 30 என்ற எண். எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் 30 என்றால் ‘பிடித்து வை’ என்று பொருள். ஆக, கட்டளை அவருடைய நாட்டின் பெயரால், காரணம் எல்லா நாடுகளின் பெயரால் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது. பெயரைப் படிக்க முடியவில்லை. ஃபிட்டர் என்னோடு அதே விமானத்தில் ஏறினார். ஊருக்குப் போன மறுநாளே அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்.